யார் அறையிலோ பொங்கிய பால்

மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு தை மாதம். மேலப்பாளையத்தில், பாளையங்கால்வாய்க்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், விடிந்தும் விடியாத நேரத்தில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பேச வராது. எழுதுவதற்கும் கூச்சம்தான். ஆனால் பேப்பர் எதிர்த்து எதுவும் கேட்காது அல்லவா, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் கடைசி இரண்டு வருடம் படுத்த படுக்கையாக இருந்தார். எங்கள் ஊரான சீவலப்பேரியில் வீட்டைப் பூட்டிவிட்டு, பாளையங்கோட்டையில் வாடகை வீடு பிடித்து அவரை வைத்துப் பார்த்தோம். மகனுக்குத் திருப்பூரில் வேலை, மாதம் ஒரு தடவை வந்து போவான். நானும் மருமகளும்தான் எல்லாம். மருமகள் முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் உதவியாளாக இருந்தவள். படுத்திருப்பவரை வலிக்காமல் புரட்டிப் படுக்க வைப்பது, முதுகில் புண் வராமல் பார்ப்பது, குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது எல்லாம் அவளுக்குக் கைவந்த வேலை.

அவர் போன பிறகு, தெரிந்த வீட்டுக்காரர்கள் தங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கிடைக்குமா என்று கேட்டார்கள். மருமகள் எங்கள் ஊரில் வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருத்தியை வரச் சொல்லி, கூட இருந்து வேலை பழக்கி அனுப்பினாள். அந்த வீட்டைப் பார்த்து இன்னொரு வீடு கேட்டது. இப்படியே பதினோரு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். வேலை இல்லாத நாளில் காலை டவுன் பஸ்ஸில் வந்து, எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, போன் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் எல்லோருக்கும் காப்பி போடுவேன். எனக்கு அது பிடித்திருந்தது. நான் பேசாவிட்டாலும் வீட்டில் பேச்சு இருக்கும்.

வீட்டுச் சொந்தக்காரருக்குப் பிடிக்கவில்லை. குடியிருக்கத்தான் வீடு கொடுத்தேன், ஆபீஸ் நடத்த இல்லை, தை மாதம் முடிவதற்குள் வேறு இடம் பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டையே காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. எங்களுக்கு ஒரே ஒரு அறை போதும். ஒரு மேஜை, ஒரு போன், பெண்கள் உட்கார இடம், கை கழுவத் தண்ணீர். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அது கிடைக்கவில்லை என்றால் அந்தப் பதினோரு பேரும் திரும்பவும் வயலில் நாற்று நடப் போகவேண்டும். அந்த வேலையும் வருடத்தில் பாதி நாள் கிடையாது.

மார்கழி முழுக்க இடம் தேடினோம். மருமகள் ஸ்கூட்டரை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போவேன். நான் போய் ஒன்றும் பேசப் போவதில்லை. கூட ஒரு பெரிய ஆள் இருந்தால் மரியாதையாக இருக்கும் என்று அழைத்துப் போவாள். வண்ணார்பேட்டை, சமாதானபுரம், பெருமாள்புரம் என்று ஏறி இறங்காத மாடி இல்லை. அவள் கட்டடச் சொந்தக்காரர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போது நான் பைய நழுவி ஜன்னலோரம் போய் நின்றுகொள்வேன். அதனால் எனக்கு அந்த அறைகள் எல்லாம் ஜன்னலாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. ஒரு ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம் பூத்துக் கொட்டிக் கிடந்தது. இன்னொன்றில் ஒரு மொட்டைமாடி முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் யூனிபாரம் காய்ந்தது. ஒன்றில் எதிர்ச்சுவர் மட்டும்தான், ஆனால் அந்தச் சுவரில் மழை பெய்து பெய்து ஒரு யானை படுத்திருப்பது போலக் கறை விழுந்திருந்தது. ஒவ்வொரு இடத்திலும் இங்கே மேஜை, இங்கே தண்ணீர்ப்பானை, இங்கே நான் என்று மனதுக்குள் குடியேறிவிடுவேன். பிறகு மருமகள் தோளைத் தொட்டு, வாங்க அத்தை போகலாம் என்பாள். அந்தக் குரலிலேயே தெரிந்துவிடும்.

என்ன தொழில் என்று கேட்கும் வரை எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். ஒருவர், நோயாளிகளைக் கட்டிலோடு கொண்டுவந்து போடுவீர்களா என்று கேட்டார். ஒருவர், கையெழுத்துப் போட ஆம்பிளை யாரும் இல்லையா என்றார். இன்னொருவர் மிகவும் தன்மையானவர், போர்டில் தையல் கடை என்று போட்டுக்கொண்டால் தருகிறேன் என்றார். வண்ணார்பேட்டையில் ஒருவர் மட்டும்தான் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"தப்பா நெனைக்காதம்மா. பொம்பளையள் வரவும் போகவும் இருந்தா தெருவுல ஒருத்தன் ஒண்ணு சொல்லுவான். நான் யாருக்குன்னு பதில் சொல்ல?"

மருமகள் படியிறங்கி வந்தாள். ஸ்கூட்டரை மிதித்துக்கொண்டே, வயசானவங்களுக்குப் பீத்துணி மாத்துத கையி அத்தை இதெல்லாம் என்றாள்.

தை பிறந்து எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அந்த வாரத்தில்தான் மேலப்பாளையத்தில் ஒரு அறை அமைந்தது. புரோக்கர் அண்ணாச்சி ஒருவர் பேசி முடித்தார். சொந்தக்காரர் தொழிலைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை. சொன்ன வாடகை வந்தால் போதும் என்று விட்டார். மருமகள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கிடைத்ததே பெரிசு அத்தை என்றாள். ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, கைக்குட்டை அகலத்துக்கு ஒண்ணு இருக்கு என்றாள். பரவாயில்லை என்றேன். அன்று மத்தியானம் காய்ச்சல் தூக்கத்தில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு ஜன்னலும், அதற்குள் நுழையப் பார்க்கும் என் முகமும் வந்து வந்து போயின.

பால் காய்ச்ச நாள் குறித்தோம். காலை ஐந்தரைக்கு மேல் ஆறரைக்குள் நல்ல நேரம். இருவரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. ஆனால் அன்று ஐந்து மணிக்குப் போன் வந்தது. எங்கள் பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்த பெரியவருக்கு மூச்சு இழுக்கிறது, வீட்டில் வேறு யாரும் இல்லை. மருமகள் தலைகூடச் சீவாமல் கிளம்பினாள். கிளம்பும் அவசரத்தில் என்னையும் பால்செம்பு, பித்தளைப் பானை, சின்ன கேஸ் அடுப்பு, குத்துவிளக்கு எல்லாவற்றையும் ஒரு ஆட்டோவில் ஏற்றினாள். பச்சை பெயின்ட் அடித்த கட்டடம், எதிரே டீக்கடை, படியேறினால் முதல் மாடியில் இருப்பது ஒரே அறை என்று சொல்லி, சாவியைக் கையில் வைத்து அழுத்தினாள். நான் வருவதற்குள் நேரம் முடிவதாக இருந்தால் எனக்காக நிற்காதீர்கள், பொங்கவிட்டுவிடுங்கள் என்றாள். என் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அதை இருவருமே மறந்துவிட்டோம்.

ஆட்டோ இறக்கிவிட்டுப் போனபோது நன்றாக இருட்டாகத்தான் இருந்தது. கால்வாயிலிருந்து பனி எழுந்து தெரு முழுக்கப் படர்ந்திருந்தது. தெருவிளக்கு அந்தப் பனிக்குள் ஒரு பஞ்சு உருண்டை மாதிரி தொங்கியது. பச்சைக் கட்டடம் இருந்தது. எதிரே டீக்கடையும் இருந்தது. ஆனால் கட்டடத்துக்கு மாடிப்படி இரண்டு. கிழக்கு ஓரத்தில் ஒன்று, மேற்கு ஓரத்தில் ஒன்று. இரண்டும் ஒரே அச்சு.

டீக்கடையில் இரண்டு பேர் நின்றார்கள். பத்து அடி போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆயிற்று. நான் கேட்கவில்லை. ஒரு தடவை டவுனில் தப்பான ஸ்டாப்பில் இறங்கிவிட்டு, யாரிடமும் வழி கேட்கக் கூச்சப்பட்டு ஜங்ஷன் வரை நடந்தே போனவள் நான். அன்றும் பனிக்குத் தலையில் போட்டிருந்த முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். நேரம் போகிறதே என்று எனக்குப் பக்கத்தில் இருந்த மேற்குப் படியில் ஏறினேன்.

மேலே ஒரே அறைதான், சொன்ன மாதிரியே. பூட்டு திறந்து கொண்டியில் தொங்கியது. புரோக்கர் அண்ணாச்சி முன்னாலேயே வந்து திறந்து வைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். கதவைத் தள்ளினால் உள்ளே பெருக்கித் துடைத்த ஈர வாடை. பழைய சிவப்புத் தரை, வெறும் காலுக்குக் குளுகுளுவென்று இருந்தது. சுவிட்சைத் தேடாமல் குத்துவிளக்கை ஏற்றினேன். அந்த வெளிச்சத்தில்தான் ஜன்னலைப் பார்த்தேன்.

அது கைக்குட்டை அகலம் இல்லை. ஒரு ஆள் கையை இரண்டு பக்கமும் விரித்து நிற்கலாம். மரக்கதவு வைத்தது, விரியத் திறந்து கிடந்தது. அதன் வழியாகப் பனி பைய உள்ளே வந்து விளக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நான் ஜன்னலோரம் போய் நிற்பதை மருமகள் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். எனக்கென்று ஜன்னல் வைத்த அறையாகப் பிடித்துவிட்டு, வந்து பார்க்கட்டும் என்று மறைத்து வைத்திருக்கிறாள். கைக்குட்டை அகலம் என்று சொன்னபோது அவள் தயங்கியது இதற்குத்தான். வாய் திறந்து ஒரு நாளும் ஒன்று கேட்டதில்லை நான். கேட்காமலே ஒருத்தி கொடுத்திருக்கிறாள். கோலமாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். காய்ச்சல் விட்ட உடம்பு வேறு. எல்லாமே கனவுக்குள் நடக்கிற மாதிரி இருந்தது.

கோலம் போட்டு, மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, கிழக்கே பார்த்துப் பானையை ஏற்றினேன். பால் சூடாகும் வரை ஜன்னலில் போய் நின்றேன். இலேசாக வெளுக்க ஆரம்பித்திருந்தது. ஒரு பக்கம் கால்வாய், பனிக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நேர் கீழே ஒரு வீட்டின் முற்றம். நாலு பக்கமும் உயரமான சுவர். நடுவில் ஒரு கிணறு, ஒரு மருதாணிச் செடி. செடிக்குப் பக்கத்தில் என் வயது இருக்கும் ஒரு அம்மா, தலையில் துணி இல்லாமல், நரைத்த முடியை விரித்துப் போட்டு, மரச்சீப்பால் பைய வாரிக்கொண்டிருந்தார்கள். அவசரமே இல்லாத வாரல். யாரும் பார்க்காத இடத்தில்தான் ஒரு பெண்பிள்ளை அப்படி நிற்க முடியும்.

ஏதோ தோன்றி அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். என்னைப் பார்த்ததும் கை சட்டென்று தோளில் கிடந்த துணிக்குப் போனது. பிறகு நின்றுவிட்டது. மேலே நிற்பதும் ஒரு கிழவி என்று தெரிந்திருக்கும். நானும் விலகவில்லை, அவர்களும் உள்ளே போகவில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. பின்னால் பால் பொங்கி அடுப்பில் விழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கிழக்கே பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

பொங்கிய பாலை முதலில் அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். சர்க்கரை போட்டு ஆற்றி, ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன். நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. டம்ளரைத் தூக்கிக் காட்டி, வாங்க என்று கையால் கூப்பிட்டேன். பகலாக இருந்திருந்தால் செத்தாலும் செய்திருக்க மாட்டேன்.

கீழ்வீட்டுக்குள்ளேயே மேலே வர ஒரு படி இருந்திருக்கிறது. தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். வாசலில் நின்று விளக்கைப் பார்த்தார்கள், கோலத்தைப் பார்த்தார்கள், அடுப்பைப் பார்த்தார்கள். செருப்பை வெளியே கழற்றினார்கள். அப்புறம்தான் கேட்டார்கள்.

"நீங்க யாரு? எப்படி இங்கன வந்திய?"

இந்த அறைக்கு வாடகைக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லி, அத்தாட்சி போலச் சாவியை நீட்டினேன். அவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்கள்.

"இது தம்பி ரூம் சாவில்லா. அவன் பங்கு கிழக்கால. அந்தப் படியில ஏறணும். இது என் ரூமு, அக்கா. நான் யாருக்கும் வாடகைக்கு விடுததில்ல."

அவர்கள் வாப்பா கட்டடத்தை நடுவில் பிரித்துப் பிள்ளைகள் இருவருக்கும் எழுதி வைத்திருக்கிறார். தினமும் விடியுமுன் தொழுகைக்கு எழும்போது இந்த அறையைத் திறந்து, பெருக்கித் துடைத்து, காற்று வர ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே போவார்களாம். அதுதான் பூட்டு தொங்கியது.

அடுத்தவர் அறையில், கேட்காமல் கொள்ளாமல், விளக்கேற்றிப் பால் பொங்கவிட்டிருக்கிறேன். அதுவும் தொழுகிற வீட்டில். அதைவிட உள்ளே ஒன்று சுருக்கென்றது. அப்படியானால் ஜன்னல் எனக்காக இல்லை. வாய் குழறியது. மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க என்று சொல்லிக்கொண்டே குனிந்து முந்தானையால் கோலத்தைத் துடைக்கப் போனேன். அவர்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கோலத்த அழிச்சிருவிய. பொங்குன பால என்ன செய்விய? நாங்களும் பால் காய்ச்சித்தான் வீட்டுக்குள்ள வாறது. உக்காருங்க. வெளக்கு எரியட்டும்."

இருவரும் தரையில் உட்கார்ந்தோம். பாலைக் குடித்தார்கள். சர்க்கரை கொஞ்சம் கூடுதல் என்றார்கள். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. என்ன தொழில் என்று கேட்டார்கள். மார்கழி முழுக்க மருமகள் சொல்லிக்கொண்டிருந்ததை முதல் தடவையாக நானே சொன்னேன். படுத்திருப்பவர்களைப் பார்க்கப் பெண்களை அனுப்புகிறோம், பெண்கள் வருவதும் போவதுமாக இருக்கும், அதனால்தான் யாரும் இடம் தரவில்லை, உங்கள் தம்பிதான் தந்தார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது.

அவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். எழுந்து ஜன்னலுக்குப் போய், கீழே தன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்படியே என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்கள்.

"பத்து வருசமா கேக்காத ஆளு இல்ல. வக்கீலு கேட்டாரு, இன்சூரன்ஸ்காரன் கேட்டான், டியூசன் எடுக்கணும்னு ஒரு வாத்தியார் கேட்டாரு. நல்ல ஆளுகதான். ஆனா இந்த ஜன்னலத் தொறந்தா என் முத்தம்லா தெரியும். என் மக்க, மருமக்க எல்லாம் தல முக்காடு இல்லாம நடமாடுத எடம் அது ஒண்ணுதான். ஆம்பளையள் உக்காருத ஆபீசுக்கு இத எப்படிக் குடுக்க? ஜன்னல அடச்சிட்டுக் குடுன்னு தம்பி சொன்னான். வாப்பா ஆசையா வச்ச ஜன்னல். அடைக்க மனசில்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார்கள்.

"பொம்பளையள் வந்து போற ஆபீசுன்னுதான ஒங்களுக்கு ஒருத்தரும் எடம் தரல? பொம்பளையள் மட்டும் வந்து போற மாதிரி ஒரு ஆபீசு வராதான்னுதான் நான் இதத் தெனமும் பெருக்கி வச்சிட்டு இருக்கேன்."

அப்போதுதான் தெருவில் மருமகளின் குரல் கேட்டது. டீக்கடைக்காரரிடம், ஒரு வயசானவங்க பால்பானையோட வந்தாங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது குரல். கிழக்குப் பக்கத்து அறை பூட்டிக் கிடக்க, நான் காணாமல் போனவளாகிவிட்டிருந்தேன். படி முகப்புக்கு ஓடினேன். அவள் மறுபடியும் கிழக்குப் படிக்குப் போகப் பார்த்தாள். தெருவில் குரல் கொடுத்து ஒருவரைக் கூப்பிட்டது அதுவரை என் வாழ்க்கையில் இல்லை.

"ஏளா! இங்கன, இங்கன! இந்தப் படி!"

என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. டீக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். பார்க்கட்டும்.

மேலே வந்தவளுக்குக் கோபமும் பயமும் சேர்ந்து முகம் சிவந்திருந்தது. பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூச்சு சீரானதும் ஓடி வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் அறையும் இல்லை, அத்தையும் இல்லை, நேரமும் முடியப் போகிறது. திட்டத்தான் வாயெடுத்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டு, நீ எனக்காகத்தான் ஜன்னல் வைத்த அறையாகப் பிடித்திருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன் அம்மா, அந்த நினைப்பில் எதையும் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம்தான். அவள் முகம் மாறிப்போயிற்று. ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மா பக்கம் திரும்பி, வாடகை என்ன சொல்லுதிய என்று கேட்டாள். தம்பிக்கு எவ்வளவோ அதுதான் எனக்கும் என்றார்கள் அவர்கள்.

ஆனால் தம்பிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோமே. அவரைக் கூப்பிட்டு விட்டார்கள். பள்ளிவாசலிலிருந்து தொழுதுவிட்டு வந்தவர் கைலியும் தொப்பியுமாக வாசலிலேயே நின்று, நடந்ததைக் கேட்டார். அவர் அக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஏன் லாத்தா, பத்து வருசமா நானும் சொல்லிப் பாத்தேன், யாருக்கும் தர மாட்டேன்னுட்டிய. அந்தப் பால்ல அப்படி என்னதான் போட்டிருக்குன்னு எனக்கும் ஒரு கிளாஸ் குடுக்கச் சொல்லுங்க."

பானையில் அடிப்பால்தான் மிச்சம் இருந்தது. அதைக் கொடுத்தேன். குடித்துவிட்டு, என் அறையைச் செல்போன் கடைக்காரன் ஒருவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான் என்று சொல்லி, சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. விசாரிக்க வரும் ஆண்கள் படி முகப்பில் பெஞ்சில் உட்கார்ந்து பேசவேண்டும், ஜன்னல் பக்கம் வரக்கூடாது. ஒத்துக்கொண்டோம். இன்று வரை அப்படித்தான். பெரிய பெரிய வீட்டுக்காரர்களும் அந்தப் பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். அவர்களுக்கும் அது ஒரு நம்பிக்கையாகத்தான் இருக்கிறது.

பதினோரு பேர் இப்போது இருபத்தாறு. ஜன்னலோரம் எனக்கென்று ஒரு மர நாற்காலி போட்டிருக்கிறாள் மருமகள். அன்று நடந்ததைப் பற்றி அவள் அதற்குப் பிறகு ஒரு நாளும் பேசவில்லை, நாற்காலியைத்தான் வாங்கிப் போட்டாள். நானும் கீழ்வீட்டு அம்மாவும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அவர்களும் என்னைப் போலத்தான் என்று பிறகுதான் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அவ்வளவு பேசியது அவர்களுக்கும் அன்று ஒரு நாள்தானாம். காலையில் நான் ஜன்னலைத் திறப்பேன். அவர்கள் முடி வாரிக்கொண்டிருப்பார்கள். சீப்பைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவார்கள், நான் காப்பி டம்ளரைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவேன். வேலைக்குக் காத்திருக்கும் எங்கள் பெண்கள் கீழே போய் மருதாணி அரைத்துக் கொடுத்துவிட்டுத் தங்களுக்கும் வைத்துக்கொண்டு வருகிறார்கள். படுத்திருக்கும் ஒரு பாட்டி, தன்னைப் புரட்டிவிட வந்த சிவந்த விரல்களைப் பார்த்து, கல்யாண வீட்டிலிருந்தா வருகிறாய் என்று கேட்டாராம்.

சில நாள் காலையில், இன்னும் பனி விலகாத நேரத்தில், புதிதாக வேலை கேட்டு ஒருத்தி டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள். கையில் ஒரு பை, அதற்குள் ஆதார் கார்டு. இரண்டு படியையும் மாறி மாறிப் பார்ப்பாள். டீக்கடையைப் பார்ப்பாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வாள். கேட்க மாட்டாள். எனக்கு இப்போதும் வெட்கம் போய்விடவில்லை. இருந்தாலும் எழுந்து படி முகப்புக்குப் போய், தெரு பார்க்க, சத்தமாகவே கூப்பிடுகிறேன், இங்கன வா, இந்தப் படிதான் என்று. ஒரு நாள் நான் யாரையும் கேட்காமல் ஏறிய தப்பான படி எனக்குச் சரியாக அமைந்துவிட்டது. எல்லோருக்கும் அப்படி அமையாது என்று தெரிவதால்தான், கீழே ஒருத்தி தயங்கி நிற்பதைப் பார்த்தால் என் குரல் தானாக வந்துவிடுகிறது.